பட்டிப்பொங்கலுக்குக் கழுவிய கொட்டில்

வட்டக்கச்சி
06.04.2025

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம், அங்கே குளிருக்குள் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மன் துணை நிற்கட்டும். சிவலை மாடு நாகு போட்டிருக்கிறது, பெண் கன்று. கத்தரி நன்றாகக் காய்க்கிறது, பயோகாஸ் தொட்டியிலிருந்து வழியும் சாணிக் கரைசலைத் தவிர ஒரு பிடி உரமும் போடவில்லை, அம்மாவும் அந்தக் காஸில்தான் சமைக்கிறா. இதெல்லாம் போனில் சொன்னதுதான். சொல்லாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம், அம்மா பக்கத்தில் நிற்கும்போது வாய் வரவில்லை.

தையில் காஸ் நின்றுபோனதே, அது தொட்டி கட்டின மேசன் விஜிதரனின் பிழை இல்லை பிள்ளை, என்னுடைய பிழை. பட்டிப்பொங்கலுக்கு மாட்டுக்கொட்டில் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று, கிணற்றுக்குப் போட்டு மிஞ்சியிருந்த குளோரின் பவுடரை முழுக்கக் கொட்டிக் கழுவினேன். அந்தத் தண்ணீர் எல்லாம் வாய்க்காலால் தொட்டிக்குள் போய், சாணியைக் காஸாக்குகிற கிருமிகள் செத்துப்போயின. குளோரின் படக்கூடாதென்று அவன் கட்டி முடித்த அன்றே சொன்னவன். அடுப்பு அணைந்ததும் எனக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் ஊர் கேட்டபோது கட்டினவன் சரியில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். நீயும் நம்பி அவனைப் போனில் ஏசினாய்.

அவன் வந்து தொட்டியை வெறுமையாக்கிக் காற்றாட விட்டு, உள்ளே இறங்கி, வெடிப்பு எங்கே என்று விரலால் தடவித் தடவித் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை, ஆனாலும் சுவர் முழுவதையும் கொத்தித் திரும்பப் பூசினான், மூன்று நாள், கூலியும் வேண்டாமென்றான். நான் மேலே நின்று சீமெந்து வாளியை இறக்கிக் கொடுத்தேன், அப்போதும் சொல்லவில்லை. புதுச் சாணி போட்டு ஒரு மாதத்தில் காஸ் வந்தது. போன கிழமை சந்தையில் என்னைக் கண்டு, நீங்கள் எண்டபடியால் என்ர பிழையைத் திருத்த விட்டனீங்கள் அண்ணை, மறக்கமாட்டன் என்று கையைப் பிடித்தான்.

வாற வெள்ளி மாதர் சங்கக் கூட்டம், என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நாலு வீட்டுக்குத் தொட்டி கட்டப்போகிறார்கள், விஜிதரனிடம் கொடுக்கலாமா என்று என்னைத்தான் கேட்பார்கள். முதலில் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, பிறகு எல்லார் முன்னாலும் எழும்பிச் சொல்ல நினைத்திருக்கிறேன். என் நாக்கை நானே நம்பவில்லை, அதனால்தான் உனக்கு முதலே எழுதித் தபாலில் போடுகிறேன். இது உன் கைக்கு வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். நான் சொன்னேனா என்று என்னிடம் கேளாதே, விஜிதரனுக்குப் போன் எடுத்து அவனிடம் கேள், அப்படியே நீ ஏசினதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ மகள். இரண்டு பேரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அப்பா,
கதிர்காமநாதன்