அத்தை பார்த்த மஞ்சள் பூச்சி

கோபிசெட்டிபாளையம்
10.5.96

அன்புள்ள மாமாவுக்கு மோகனா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். போர்க்கிணறு போடும் லாரியில் கல் தூசி தின்று இருமல் பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். வெட்கப்பட மத்தியப்பிரதேசத்தில் உங்களைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

இந்த வருஷம் வாய்க்கால் கரைக்கு வண்ணத்துப்பூச்சி வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கேட்டதற்காகவே பங்குனியில் தினமும் காலையில் நடந்து போய்ப் பார்த்தேன். ஆவாரஞ்செடியில் மஞ்சள் பூச்சிகள். பறந்தால்தான் பூ எது பூச்சி எது என்று தெரிகிறது. எருக்கஞ்செடியில் ஆரஞ்சு நிறத்தில், கறுப்புக் கரை போட்டது. கல்யாணமான புதிதில் நீங்கள் காட்டினீர்களே, உடம்பு சிவந்த கறுப்புப் பூச்சி, அதை ஒரே ஒரு தடவை பார்த்தேன். பக்கத்தில் நீங்கள் இல்லையே என்று அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் பட்டுப்புழு பாதிக்கு மேல் செத்துப்போயிற்று. பூச்சி பார்க்கப் போய் நான்தான் நோயைக் கொண்டுவந்தேன் என்றார் உங்கள் அப்பா. காடு கரையில் நடந்தவர்கள் அன்று முழுக்கக் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அழுதேன். மறுநாள் மல்பெரித் தழை நறுக்காமல், தட்டுத் தூக்காமல் உட்கார்ந்தபோது, எனக்கு இடுப்பென்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. அதற்கப்புறம் வேண்டுமென்றே தினமும் நடக்கப் போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் வேலையும் சேர்ந்து அத்தை தலையில் விழுந்தது. வேளைக்கு வேளை தழை போட்டுப் போட்டு முழங்கால் வீங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை, நாளையிலிருந்து நடக்கப் போகவில்லை என்று சொல்ல இருந்தேன். காலையில் பார்த்தால் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஏனம்மணி, நானும் வாரேன், அந்த மஞ்சப் பூச்சியக் காட்டு என்றார்.

எங்கே பார்த்தார்? புங்க மரத்தடியில் உட்கார்ந்தார், சாய்ந்தார், தூங்கிவிட்டார். அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பவில்லை. வெயில் ஏறி வீட்டுக்கு வந்ததும், என்னத்தைப் பார்த்தாய் என்று உங்கள் அப்பா கேட்டார். மஞ்சப் பூச்சிங்க, கையகலம் இருந்துச்சுங்க என்றார் அத்தை. அந்த மஞ்சள் பூச்சி அத்தனை பெரிசு ஏது?

அன்று தழை போட்டது உங்கள் அப்பாதான். பொழுது சாய்வதற்குள் முதுகுக்குத் தைலம் கேட்டார். ஆனாலும் அடுத்த வளர்ப்புக்குப் புழு முட்டை சொல்லி வைத்துவிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் சொன்னால் எடுபடாது, நீங்கள் எழுதினால் கேட்பார். இந்த ஒரு வளர்ப்பை மட்டும் விடச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை மாமா. அத்தையால் சுத்தமாக முடியவில்லை.

பண்ணாரித் தாய் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வெயில் கடுமையாகிவிட்டது. ஒரு வாரமாக வாய்க்கால் கரையில் ஒரு பூச்சிகூட இல்லை. இன்னைக்குப் பூச்சி வருமா அம்மணி என்று விடிந்ததும் அத்தை கேட்கிறார். வருமுங்க அத்தை என்கிறேன். உங்கள் கடிதம் வரும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உங்கள்
மோகனா