பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டு

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. நீங்களும் புதிதாக வந்த அம்மணியும் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் என் குரல் கெஞ்சிவிடும், அதனால் எழுதுகிறேன்.

கோழிக்கூண்டுக்குப் பழைய கதவு தேடி உக்கடத்துப் பழைய சாமான் கடைக்குப் போனேன். கடை மூலையில் நம் பச்சை பீரோ நின்றது. சீர் கொண்டுவந்த அன்று வேனிலிருந்து இறக்கும்போது நசுங்கிய இடம் அப்படியே இருந்தது. ராத்திரி படுக்கும்முன் என் மகள் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டும் பொட்டுகளும் கண்ணாடியில் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத நாளுக்கு முந்தின ராத்திரி கடைசியாக ஒட்டியது எதுவோ, தெரியவில்லை.

கடைக்காரர், "ஏனுங்காத்தா, கண்ணாடியத் தொடச்சுத் தரட்டுங்களா?" என்றார்.

"தொட்டீங்கன்னா கைய ஒடிச்சுப்போடுவனுங்க."

"கையொடிக்கறதுக்கும் மரியாதைங்களா!" என்று சிரித்தார்.

மாப்பிள்ளை, ஏன் விற்றீர்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. வீட்டில் இடம் இருந்திருக்காது.

பீரோ இப்போது என் அறையில் இருக்கிறது. முன்னால் போய் நின்றால் ஒரு மெரூன் பொட்டு சரியாக என் நெற்றியில் வந்து உட்காருகிறது. உங்கள் மாமா போனதிலிருந்து நான் பொட்டு வைப்பதில்லை. சட்டென்று விலகிவிடுவேன். அது மட்டும் யாருக்கோ காத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது.

கீழே, இடுப்புயரத்தில் குட்டியாக இன்னொன்று இருக்கிறது. அம்மாவைப் பார்த்துப் பேத்தி ஒட்டியது.

அவளை இங்கே அனுப்பமாட்டேன் என்றீர்கள். நானும் இதுவரை கேட்கவில்லை. இந்த ஒரு தடவை அனுப்புங்கள். இப்போது எங்கள் உயரத்துக்கு வளர்ந்திருப்பாள். மேலே இருக்கிற பொட்டு அவள் நெற்றிக்குச் சரியாக வரும்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவளைப் பெற்றவள்