அத்தாவின் மூச்சும் துணி காயவைக்கும் மெஷினும்

பாலக்கரை, திருச்சி

அன்பு மகள் மஹ்ஜபீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே எனக்கு ஒன்றுமில்லை, உன்னைப் பெற்ற அத்தாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் சின்னத்தா மகன் ஜைத் கனடா புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மழை விட்டபாடில்லை. நீ வாங்கிக் கொடுத்த டிரையர் இல்லாவிட்டால் அத்தாவின் படுக்கை விரிப்பு ஒன்றும் காய்ந்திருக்காது. ஆனால் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் என்று அடுப்படியிலேயே இருந்தேன். டிரையரையும் அத்தாவின் ஆக்சிஜன் மெஷினையும் சேர்த்துத் தாங்க முடியாமல் அதுவும் நின்றுவிட்டது. ஓடிப் பார்த்தால் அத்தா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், உதடு நீலமாகிவிட்டது. மூலையில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்க எனக்குத் தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வஹீதாதான் வந்து திறந்து குழாயை மாட்டிவிட்டாள். முகம் தெளிந்ததும் அவர் முதலில் சொன்னது, “மஹ்ஜபீன்கிட்ட சொல்லாத, தான் வாங்கிக் கொடுத்ததாலதான்னு அழுவா” என்பதுதான்.

எலக்ட்ரீஷியன் ஹாலித் வந்து பார்த்தார். “சூடு பண்ற மெஷினெல்லாம் கரண்டை ரொம்ப இழுக்கும்மா, இன்வெர்ட்டர் லைன்ல போடவே கூடாதுங்க” என்று டிரையருக்குத் தனி லைன் இழுத்துவிட்டார். பிரிட்ஜையும் டிவியையும்கூட இன்வெர்ட்டரிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். கரண்ட் போனால் அத்தா மெஷினும் ஒரு லைட்டும் மட்டும்தான், பாட்டரி தாங்குகிற வரைக்கும் அவருக்கு மூச்சு. துணியை வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை பிழியவிட்டு, கனமான விரிப்பை மட்டும் டிரையரில் போடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடுகிறது. லேசான துணியெல்லாம் ஃபேனுக்குக் கீழே கொடியில். டிரையருக்குள் இருக்கும் வலையில் சேரும் துணிப் பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கரண்டும் வீண், தீப்பிடிக்கவும் கூடுமாம். நீயும் மறக்காமல் எடு. இவ்வளவு செய்தும், டிரையர் சத்தம் கேட்டாலே அத்தா மூக்குக் குழாயைப் பிடித்துக்கொள்கிறார். அதனால் பாதி நாள் அதைப் போடுவதே இல்லை, வீடெல்லாம் ஈர வாடைதான்.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்பாய், வேண்டாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நுரையீரல் இனிமே தேறாதும்மா, பாக்க வேண்டியவங்க வந்து பாத்துடட்டும்” என்றார். அதை அத்தாவிடம் நான் சொல்லவில்லை. பெருநாளுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய், அதுவரை தள்ளாதே. இப்போது வந்தால் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து உன்னோடு நாலு வார்த்தை பேசுவார்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். வந்ததும் நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. சும்மா லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல்.

வழி பார்த்திருக்கும் உன் அம்மா
ஷரபுன்னிசா