கைதட்டினால் தண்ணீர்

சுகர் லேண்ட்,
13.4.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

கவின் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்த வருடம் நீங்கள் வெள்ளியங்கிரி ஏறவில்லை என்று அம்மா போனில் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. அதனால் லீவில் பத்து மணி நேரம் காரோட்டிப் போய், இங்கே பாலைவனத்தில் இருக்கும் மலையில் ஏறினேன். வருவதாகச் சொன்ன நண்பர்கள் வரவில்லை.

மலை என்றால் சுனை இருக்கும் என்று நம்பி ஒரே பாட்டில் தண்ணீர்தான் கொண்டுபோனேன். அங்கே கள்ளியும் பாறையும்தான். உச்சியைத் தொட்டுவிட்டேன், ஆனால் இறங்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. நம் வெள்ளியங்கிரியில் இருக்கும் கைதட்டிச் சுனையில், "கையத் தட்டு கண்ணு, தண்ணி தானா வரும்" என்பீர்களே, அதை நினைத்து ஒரு பாறை முன்னால் நின்று தட்டினேன். சிரிக்காதீர்கள். கீழே போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, உதவிக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஏறி வந்து தண்ணீர் கொடுத்தார்கள். அடிவாரம்வரை கூடவே நடந்தார்கள்.

யாராவது இங்கே வந்தால் மலைத் திருநீறு கொடுத்தனுப்புங்கள். நீங்கள் மலையேற ஊன்றும் மூங்கில் தடியை யாருக்கும் தந்துவிடாதீர்கள்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அம்மா கேட்டால், துணையோடுதான் போனான் என்று சொல்லுங்கள். இறங்கும்போது துணை இருந்தது, பாதி உண்மைதானே.

உங்கள்
கவின்