உடைசல் மாவு

மார்ச் 4
இன்று மாவு நன்றாகப் புளித்திருந்தது. எங்கள் கம்பெனி உப்பு பிஸ்கட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? மைதா, எண்ணெய், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஈஸ்ட். அடுப்பில் உடைந்து விழும் உடைசலைப் பொடித்து மறுநாள் மாவிலேயே கலந்துவிடுவோம். வீணாகாது, நிறமும் கூடும்.

தங்கை மகளுக்குப் பால் ஒரு சொட்டுப் பட்டாலும் தொண்டை வீங்கிவிடும். கடைத் தின்பண்டத்தில் இது ஒன்றைத்தான் அவளுக்குக் கொடுக்கிறோம். 'பெரியம்மா பிஸ்கட்' என்று பேர் வைத்திருக்கிறாள், வாலு.

மார்ச் 9
தங்கை போனில் அலறினாள். குழந்தைக்கு மூச்சு இழுக்கிறதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள்.

"பிஸ்கட்டைத் தவிர ஒண்ணுமே குடுக்கலக்கா!"

"நல்லா யோசிடி, வேற ஏதாவது தின்னிருப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 10
கண் திறந்துவிட்டாள். மூக்கில் இன்னும் குழாய்.

வேலைக்குப் போனதும் மாலை ஷிப்டில் மாவு கலக்குகிறவனைப் பிடித்தேன். உப்பு பிஸ்கட் உடைசல் தீர்ந்துபோனதால் சீஸ் பிஸ்கட் உடைசலை அள்ளிப் போட்டிருக்கிறான்! "எல்லாம் நம்ம பிஸ்கட்தானேக்கா?" என்கிறான். அடப்பாவி, சீஸ் என்றால் பால்தானே! பாக்கெட்டில் பால் என்று ஒரு வார்த்தை கிடையாது.

மார்ச் 11
கடைக்குப் போன சரக்கைத் திரும்ப வரவழையுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன்.

"ஒரு பிள்ளைக்காக அத்தனையும் திருப்பச் சொல்றியாம்மா?"

"நமக்குத் தெரிஞ்சது ஒரு பிள்ளை சார். தெரியாத பிள்ளைங்க?"

அவர் ஃபைலைப் புரட்டினார். வெளியே வந்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன். வேலை போனால் போகட்டும்.

மார்ச் 14
அதிகாரிகள் வந்து மாவையும் பிஸ்கட்டையும் சோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

மார்ச் 19
சோதனையில் பால் தெரிந்துவிட்டது; கடைக்குப் போன சரக்கோடு லாரிகள் திரும்பி வருகின்றன. என்னை மாவுப் பகுதியிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை — உட்காராவிட்டால் போகிறார்கள்.

ஏப்ரல் 2
தங்கை வீட்டுக்குப் போனேன். பிள்ளை இளைத்துவிட்டாள், ஆனாலும் ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள். தாகம் என்றாள். நானே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

டம்ளரை வாங்கி உள்ளே உற்றுப் பார்த்தாள். "பெரியம்மா, இதுல என்ன போட்டிருக்கு?"

"தண்ணிதான்டா கண்ணு."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையசைத்த பிறகுதான் குடித்தாள்.