கம்மல் பூ வந்திருக்கிறது

அரிமளம்
2.11.2023

அன்புள்ள ரஞ்சனிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர். என் வீட்டுக்காரர் வயலை விட்டு நகர்வதில்லை, சோறு வரப்புக்குத்தான் போகிறது.

போன் இருக்கும்போது இன்லண்ட் லெட்டர் எதற்கு என்று மருமகள் சத்யா கேலி செய்கிறாள். ஐப்பசிக் கடிதம் தபாலில்தான் போகும் என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

சேதிக்கு வருகிறேன். ஐயனார் காட்டில் நம் கம்மல் பூ வந்திருக்கிறது. பாலை மரத்தடியில், பழைய இடத்திலேயே, இந்த வருஷம் ஆறு செடி. ஊருக்கெல்லாம் ஆர்க்கிட் பாடம் நடத்துகிறவளுக்கு நான் சொல்லித்தான் இது தெரிய வேண்டியிருக்கிறது. நீ இந்தப் பக்கம் வந்து எட்டு வருஷம் ஆகிறது. கூப்பிட்டாலும் வரமாட்டாய்.

உன் செவந்தி

*

கொல்கத்தா
19.11.2023

அன்புள்ள செவந்திக்கு,

கடிதம் கிடைத்தது. வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் எங்கள் தாவர ஆய்வுத் துறைக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். நம் செடி காட்டில் உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று. இதுவரை உன் கடிதங்களை நம்பியே 'இருக்கிறது' என்று எழுதி வந்தேன். இந்த முறை போட்டோ கேட்கிறார்கள். சத்யாவின் போனில் ஒன்று எடுத்து அனுப்பு.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2001இல் நீ உன் அப்பா வருகிறாரா என்று பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உள்ளே போனேன். இரண்டு செடி எடுத்ததாக உன்னிடம் சொன்னேன். அது பொய். அங்கே இருந்த பதினொன்றையும் கிழங்கோடு தோண்டினேன். புதுச் செடி என்று நிலைநாட்ட நாலைந்து உலர்தாவரக் காப்பகங்களுக்கு மாதிரி அனுப்ப வேண்டும். செடியைக் காய வைத்து ஒட்டும் ஒவ்வொரு தாளிலும் வேர் முதல் பூ வரை இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

மறு வருஷம் 'நான்கு வந்திருக்கிறது' என்று நீ எழுதினாய். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஏதோ கிழங்குத் துணுக்கு மண்ணில் தங்கியிருக்கிறது என்று நம்பினேன். அந்தப் பூவால்தான் எனக்குப் பதவி, மாணவர்கள், வெளிநாட்டு மாநாடுகள் எல்லாம். ஊருக்கு வந்தபோதும் காட்டுக்குள் போய்ப் பார்க்க மட்டும் துணியவில்லை. போட்டோவை அனுப்பு, செவந்தி.

உன் சிவரஞ்சனி

*

அரிமளம்
15.12.2023

ரஞ்சனிக்கு,

போட்டோ எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. நீ தோண்டிக்கொண்டு போன பிறகு ஒரு வருஷம்கூட அது வரவில்லை.

நீ பஸ் ஏறிய மறுநாளே போய்ப் பார்த்தேன். பதினொரு குழி. காய்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்காத காடு அது. அப்பா அங்கே ஐயனார் கோயிலுக்குப் பூசாரி. அவர் மகளே உன்னை உள்ளே விட்டாள். குழிகளைப் பார்த்துவிட்டு அப்பா என்னைக் கேட்டார். காட்டுப்பன்றி என்றேன்.

"பன்னியா? இங்கிட்டு பன்னி வந்து நான் பாத்ததே இல்லையே ஆத்தா" என்றார். ஆனாலும் நம்பினார். அந்த மழைக்காலம் முழுக்கக் கம்பும் கையுமாகப் பாலை மரத்தடியில் காவல் இருந்தார். சளி நெஞ்சில் இறங்கியது, அதற்குப் பிறகு பழைய உடம்பு திரும்பவில்லை. நீயோ அவர் பெயரையே பூவுக்கு வைத்து அச்சான பக்கத்தை அனுப்பினாய். படிக்கத் தெரியாத மனுஷன் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். சாகும்போதும் "பன்னி வராமப் பாத்துக்க" என்றுதான் சொன்னார்.

உன் மனசு நோகக் கூடாது என்றுதான் பொய் எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, எனக்காகத்தான் எழுதினேன். வந்திருக்கிறது என்று எழுதும் அன்றைக்கு மட்டும் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கும்.

உன்மேல் எனக்குக் கோபம். தோண்டியதைவிட, என்னிடம் இரண்டு என்று சொன்னதுதான் வலிக்கிறது. காட்டிலிருந்து எடுத்ததைத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் முறை. ஒன்றையாவது கொண்டு வா.

செவந்தி

*

கொல்கத்தா
31.5.2024

செவந்திக்கு,

இன்றோடு வேலை முடிந்தது. 'காட்டில் அற்றுப்போனது' என்று அறிக்கையில் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரிவுபசாரக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை.

பத்துச் செடிகள் காப்பகங்களின் சொத்து, வெளியே எடுக்க முடியாது. பதினோராவதை நான் வீட்டில் வைத்திருந்தேன். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நேரில் வர எனக்கு முகமில்லை.

பூச்சி அரிக்காமலிருக்க அந்தச் செடிக்குப் பாதரச விஷம் பூசியிருக்கிறது. மண்ணில் புதைக்காதே. தொட்டால் கையை நன்றாகக் கழுவு. மன்னித்துவிடு என்று நாலு முறை எழுதி அடித்துவிட்டேன்.

சிவரஞ்சனி

*

அரிமளம்
4.11.2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

பார்சல் ஆனியிலேயே வந்தது. பதில் எழுத மனசு வரவில்லை. விஷத்தை ஐயனார் மண்ணில் எப்படி வைப்பது? கண்ணாடிச் சட்டம் போட்டு, பேரனுக்கு எட்டாத உயரத்தில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பழுப்பேறிப் போனாலும் கம்மல் கம்மலாகத்தான் இருக்கிறது.

உன் மூட்டு வலிக்குத் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறேன். அதைத் தபாலில் அனுப்பப் போவதில்லை, நீ வந்து வாங்கிக்கொள்.

நேற்று மழை விட்டதும் காட்டுக்குப் போனேன். பாலை மரத்தடியில் சருகை ஒதுக்கிவிட்டு நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

இந்த வருஷம் ஒன்றும் வரவில்லை.

உன் செவந்தி