பக்கத்து வீட்டு நீதிபதி

14 மே 2023, அரியலூர்

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கும் சண்முகப்பிரியா இங்கே உரிமையியல் நீதிபதியாம். சின்னப் பெண். செந்துறையிலிருந்து தம்பி முத்துவேல் கொண்டுவந்த முந்திரியில் ஒரு கிண்ணம் மதில் வழியாகக் கொடுத்தேன். மாலையில் கிண்ணம் எள்ளுப்பொடியோடு திரும்பியது. "வெறுங்கிண்ணம் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க, டீச்சர்." நல்ல வளர்ப்பு.

3 செப்டம்பர்

கிண்ணத்துக்கு ஓய்வே இல்லை. நான் கீரை கொடுத்தால் அவள் வடை தருகிறாள். கோர்ட் விஷயம் அவள் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

16 ஜனவரி 2024

சர்க்கரைப் பொங்கல் போன கிண்ணம் இன்று கழுவித் துடைத்து, வெறுமையாக வந்தது. நான் என்ன செய்துவிட்டேன்?

23 ஜனவரி

புரிந்தது. முத்துவேல் வந்து கத்திவிட்டுப் போனான். அவன் முந்திரித்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையை இளையபெருமாள் வேலி போட்டு அடைத்த வழக்கு, அவள் கோர்ட்டுக்கு மாறி வந்திருக்கிறது. இன்று எல்லோர் முன்னாலும் சொன்னாளாம்: "வாதியோட அக்கா எனக்குப் பக்கத்து வீடு. இவங்க தோப்பு முந்திரியச் சாப்பிட்டிருக்கேன். வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி எழுதுறேன்."

"அது உன் வழக்குன்னு அவங்களுக்கு எப்படிடா தெரிஞ்சது?"

"பொங்கச் சீர் கொண்டாந்தன்னைக்கு நாந்தான் மதிலோரமாச் சொன்னேன். கொஞ்சம் பாத்துக்கங்கம்மான்னு."

அட மடையா!

என் மகள் அபிநயா பத்தாவது எழுதிய வருஷம், அவள் எழுதிய தேர்வு மையத்தில் எனக்குக் கண்காணிப்பு வேலை தரவில்லை. நான் விடை சொல்லித் தந்திருக்க மாட்டேன். ஆனால் அவள் மார்க்கை ஊர் நம்பியிருக்குமா? அதைத்தான் அவனிடம் சொன்னேன்.

"மார்க்கு வேற, பாதை வேற. பக்கத்து வூட்ல ஜட்ஜ் இருந்து என்ன புண்ணியம்? இனிமே இங்க வரமாட்டேன், போ."

5 மே

முந்திரிக் காலம். தம்பி வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

27 ஏப்ரல் 2025

முத்துவேல் வந்தான்! தோளில் முந்திரி மூட்டை. பிப்ரவரியில் வேறு நீதிபதி பாதையைத் திறக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தாராம்.

"இளையபெருமாள் அப்பீல் போகலயா?"

"அவரே வேலியப் பிரிச்சிட்டாருக்கா. 'அந்தம்மா தீர்ப்பா இருந்தா ஐகோர்ட் வரைக்கும் போயிருப்பேன்டா'ங்கறாரு."

நான் வாயைத் திறந்தேன்.

"பரீட்சைக் கதைய மறுபடி ஆரம்பிக்காத" என்றான்.

11 மே

சண்முகப்பிரியாவுக்குத் தர்மபுரிக்கு மாற்றல். சாமான்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. மதிலோரம் வந்தாள்.

"டீச்சர், அந்தக் கிண்ணத்தைக் குடுங்க."

கொடுத்தேன். கட்டி முடித்த அட்டைப்பெட்டி ஒன்றை மறுபடி பிரித்து, கைப்பிடி சர்க்கரை போட்டுத் திருப்பித் தந்தாள்.

"போன வருசப் பொங்கலுக்கு."